வெட்டுக்காசின் எதிர் விளிம்பு

மே 12, ஞாயிறு

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. இட்லி அரை வேக்காட்டில் நின்றதற்கு சுந்தரா என்னைத்தான் திட்டினாள், சிலிண்டரில் நான் என்னமோ வாய் வைத்துக் குடித்துவிட்டதுபோல. முனைக்கடையில் ஒரு பன் தின்றுவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கள் நாணயச் சேகரிப்பாளர் சங்கம் கூடும். ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தனராஜ்தான் செயலாளர். அவர் கடை மாடியில்தான் கூட்டம். யார் எந்தக் காசைக் கொண்டுவந்தாலும் கடைசியில் அது என் மேசைக்கு வந்தாக வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனையும், எடைக்கல்லின் வயிற்றைக் குடைந்தவனையும் கையும் களவுமாகப் பிடித்தவன். 'மருதாசலம் சார் சொல்லிட்டா சரி' என்பது அந்த மாடியில் சட்டம்.

இன்றைக்கு முதலில் ஒரு கறுத்த ரூபாய் வந்தது. உலோகம் மாறி அடித்துவிட்டார்கள், அபூர்வம் என்றார் கொண்டுவந்தவர். முகர்ந்து பார்த்தேன். குப்பையோடு எரிந்த காசு. அடுத்தது, நடுவட்டம் இல்லாத பத்து ரூபாய். யாரோ சுத்தியலால் தட்டிக் கழற்றியிருக்கிறார்கள். தட்டின தழும்புகூட இருக்கிறது. தொட்டிலில் வந்த பிழைக்கும் தெருவில் பட்ட அடிக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள்.

கடைசியாக சென்னியப்பன். டவுன் பஸ் கண்டக்டர், சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருஷம். நாள் முழுக்கத் தோல்பையில் காசு புரளுகிற வேலை, விசித்திரமானது எதுவும் அவன் கண்ணில் படாமல் போகாது. கைக்குட்டையை விரித்து ஒரு மஞ்சள் ஐந்து ரூபாயை வைத்தான். ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை.

காசாலையில் நீளத் தகட்டை நகர்த்தி நகர்த்தி வட்டங்களாக வெட்டுவார்கள். தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டும் விழும். அப்போது இந்த மாதிரிப் பிறை விழுந்த வெட்டுக்காசு பிறக்கும். அப்படிப் பிறக்காத காசை அரத்தால் ராவியும் இப்படிச் செய்யலாம், செய்கிறார்கள்.

காசு பளபளத்தது. பிறையின் உட்புறத்தில் மெல்லிய கோடுகள்.

"இதென்ன கோடு?"

"பையில கெடந்து கருத்துப்போச்சுங்க சார். வீட்டுல புளி போட்டுத் தேச்சுட்டாங்க. பாத்திரம் தேய்க்கற கம்பியும் போட்டிருப்பாங்களாட்ட இருக்குது."

"புளியில அரக்கோடு விழுமா? அப்படின்னா எங்க வீட்டு அண்டா எல்லாம் இந்நேரம் பிறையாத் தேஞ்சிருக்கணுமே!"

மாடியே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"எதிர்ப்பக்கத்து விளிம்பப் பாருங்க சார். நீங்க குரூப்புல எழுதிப் போட்டதுதானுங்க."

என் பாடத்தை எனக்கே படிக்கிறான். லென்ஸை மூடிவிட்டு, "அரத்துல ராவினது" என்று சொல்லிக் காசைத் திருப்பித் தந்தேன். கை வைத்த காசை நிஜமென்று கொண்டுவருகிறவரின் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான். தனராஜ் பதிவேட்டை எடுத்தார். சென்னியப்பன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினான்.

சாயங்காலம் சிலிண்டர் வந்துவிட்டது.

மே 13, திங்கள்

தூக்கம் சரியில்லை. நேற்றுக் கூட்டத்தில் கொடுத்த பலாப்பழம்தான் காரணம்.

மே 19, ஞாயிறு

கொசுவலையில் மூன்று ஓட்டை. உட்கார்ந்து தைத்தேன். பிறகு சும்மா இருக்க முடியாமல் ஒரு மஞ்சள் ஐந்து ரூபாயை எடுத்து, புளி தடவி, பாத்திரம் தேய்க்கும் கம்பியால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன்.

"என்னோட பாத்திரம் அத்தனையும் தொட்டியில கெடக்குது, நீங்க அஞ்சு ரூவாயத் தேச்சுட்டு உக்காந்திருக்கறீங்க" என்றாள் சுந்தரா.

கோடு விழுகிறது. அதே மாதிரிக் கோடு.

அதனால் என்ன, கோட்டை மட்டும் வைத்தா முடிவு செய்தேன்? வேறு எதை வைத்து என்று இப்போது ஞாபகம் இல்லை. அன்றைக்கு மாடியில் ஒரு ட்யூப்லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

கூட்டம். சென்னியப்பனுக்கு நீக்கக் கடிதம் பதிவுத் தபாலில் போய்விட்டதாகத் தனராஜ் சொன்னார். உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் அவன் டிப்போவிலேயே டிரைவராம். செய்தி அங்கேயும் எட்டிவிட்டது. இப்போது அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம், 'அரம்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். "அரம் வந்துட்டான், பையப் பத்தரமா வைங்கடா"ன்னு சொல்றாங்களாம் என்று அந்த உறுப்பினர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்று சொல்ல முடியாது, உதட்டை அசைத்தேன்.

ஆகஸ்ட் 11 அன்று எங்கள் ஆண்டுக் கண்காட்சி. கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர் வருவார்கள். 'அச்சுப்பிழையா, சேதமா' என்று நான் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சாரை விட்டால் வேறு யார் என்றார் தனராஜ்.

ஜூன் 23, ஞாயிறு

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். திரும்பி வருகையில் பஸ் நிலையத்தில் அவன் வண்டி நின்றிருந்தது. படியில் நின்று ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்தான், பழைய குரல்தான். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அடுத்த வண்டி வர நாற்பது நிமிஷம். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு வெயிலில் நின்றேன்.

ஏன் இவ்வளவு நேரம் என்று சுந்தரா கேட்டதற்கு, டாக்டரிடம் கூட்டம் என்று சொன்னேன். அறுபத்தாறு வயதில் பெண்டாட்டியிடம் பஸ்ஸுக்காகப் பொய் சொல்கிற நிலைமை.

ஜூலை 7, ஞாயிறு

இன்றைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். கருங்கல்பாளையத்தில் வரிசை வீடு. மனதில் ஒரு திட்டம் இருந்தது. காசை இன்னொரு தடவை தனியாகப் பார்ப்பது, 'சந்தேகத்துக்கு இடமிருக்கிறது' என்று பட்டும் படாமல் ஒரு கடிதம் எழுதுவது, பெயரைச் சேர்க்கச் சொல்வது. அவனுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை.

அவன் டூட்டிக்குப் போயிருந்தான். அவன் மனைவி துளசிமணி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். சாயப்பட்டறை வேலை போலிருக்கிறது, விரல் நகமெல்லாம் நீலம்.

"வாங்க சார், உக்காருங்க. மருதாசலம் சாருங்களா? போட்டோவுல பாத்திருக்கறனுங்க." செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கதவோரம் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"சார், அவுரு மேல தப்பே இல்லீங்க. நாந்தானுங்க எல்லாத்துக்கும் காரணம். கருகருன்னு கெடக்குதே, படிச்சவங்க பெரியவங்க பாக்கறதாச்சேன்னு ஆசையாத் தேச்சனுங்க. அந்த வெட்டுக்குள்ள அழுக்கு போகுலீன்னு கம்பிய உட்டு அழுத்தித் தேச்சுப்போட்டேன். நல்ல காச நாந்தான் கெடுத்துப்போட்டேன். அவரு முன்னாட்டம் எங்கிட்டப் பேசறதே இல்லீங்க. சோறு போட்டா திங்கறாரு, எந்திரிச்சுப் போறாரு. நீங்க எப்படியாவது மன்னிச்சு அவரச் சேத்துக்கோணுமுங்க."

அவள் கண்ணில் தண்ணீர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்படியே எழுதுகிறேன்.

"பரவாயில்லம்மா. தெரியாம செஞ்சதுதானே. மனசுல வச்சுக்காதீங்க."

மன்னித்தேன். நான், அவளை.

காசைக் கேட்டேன். அது இல்லை என்றாள். கூட்டம் முடிந்து அடுத்த டூட்டியிலேயே யாருக்கோ சில்லறையாகக் கொடுத்துவிட்டாராம். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. இனி யாரும் அந்தக் காசைத் திருப்பிப் பார்க்க முடியாது.

புறப்படும்போது ஒரு பை வறுத்த நிலக்கடலை கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 8, திங்கள்

பார்த்தேன். அன்றைக்கு மாடியில் லென்ஸ் வைத்து எதிர் விளிம்பைப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாகவே இருந்தது.

வெட்டிய வட்டத்துக்கு விளிம்பு எழுப்ப, அதை இரண்டு பக்கமும் நெருக்கி உருட்டுவார்கள். ஒரு பக்கம் துண்டு இல்லையென்றால் அதற்கு நேர் எதிரே நெருக்கம் விழாது, அந்த இடத்தில் விளிம்பு எழும்பாமல் சப்பையாக இருக்கும். அரத்தால் ராவுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் எதிர்ப்பக்கத்து விளிம்பு முழுசாக நிற்கும், அங்கேதான் மாட்டிக்கொள்வான். சென்னியப்பன் காசில் பிறைக்கு நேர் எதிரே விளிம்பு மங்கிக் கரைந்திருந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம் அந்தக் காசை. அவ்வளவு சுத்தமான பிழையை என் ஆயுசில் நான் கையில் வைத்துப் பார்த்ததில்லை.

பார்த்துவிட்டுத்தான் 'அரத்துல ராவினது' என்றேன்.

ஏன் என்பதையும் எழுதித் தொலைக்கிறேன். போன வருஷக் கூட்டத்தில் என்னுடைய எதிர்உருக் காசைக் காட்டினேன். ஒரு பக்கம் சிங்கம் புடைத்து நிற்கும், மறு பக்கம் அதே சிங்கம் இடவலம் மாறிக் குழிந்து கிடக்கும். முன்னால் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த காசில் இப்படி விழும். சென்னைக் கண்காட்சியில் மயங்கி வாங்கியது. எல்லோரும் வாய் பிளந்து பார்த்தபோது சென்னியப்பன் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "சிங்கம் இருக்கற பக்கம் மூக்கெல்லாம் சப்பையா இருக்குதுங்களே சார், ரெண்டு காச ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு இடுக்கியில நெருக்குனா இப்படி வருமுங்களா?"

குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வராது என்று சொல்லி அடக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். குழிந்த சிங்கத்துக்கு அடியில் பழைய எழுத்தின் மிச்சம் இருந்தது. இடுக்கிக் காசு. ஊரெல்லாம் திருடனைப் பிடித்தவன் ஏமாந்திருக்கிறேன், ஒரு கண்டக்டர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் காசை பீரோவில் சுந்தராவின் பட்டுப்புடவைக்கு அடியில் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. பத்து மாதம் வயிறு எரிந்தது. அவர் கைக்குட்டையை விரித்தபோது அந்த எரிச்சல்தான் பேசியது.

இன்றைக்கு அவரை 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

கூட்டம். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சொல்லவில்லை.

ஜூலை 20, சனி

கண்காட்சிப் பேச்சுக்குக் குறிப்பு எழுதினேன். நிறம் மாறிய காசு, அமிலத்தில் நனைந்த காசு, ரயில் ஏறிய காசு எல்லாம் எழுதியாகிவிட்டது. வெட்டுக்காசு என்று தலைப்பிட்டு, எதிர் விளிம்பு என்று எழுதினேன். அதோடு பேனாவை மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. சுந்தரா சித்ரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக்குப் போக வேண்டும் என்றாள். படித்துறையில் இடித்துக்கொண்டு கூட்டம். அவள் மஞ்சள் கயிறு கட்டி, விளக்கு விட்டு முடித்தபின் ஒரு ஓரமாக உட்கார்ந்து தேங்காய்ச் சாதம் சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை. ரெண்டு மாசமா உங்களுக்கு என்னதான் நோவு என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும், பட்டுப்புடவைக்கு அடியில் இருப்பதையும் சேர்த்து.

காசு விஷயத்தைக் கேட்டபோது அவள் முகத்தில் பெரிய மாற்றம் இல்லை. துளசிமணி விஷயம் வந்ததும் கையிலிருந்த சாதத்தை இலையிலேயே வைத்துவிட்டாள்.

"அந்தப் புள்ளைகிட்டப் போயி, நீங்க மன்னிச்சுட்டு வந்தீங்களா?"

நான் இலையை மடித்தேன்.

"அவ குடுத்த கடலையத்தான் நான் இத்தன நாளா சட்னிக்கு அரச்சேனா?"

அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. ராத்திரிக்கு உப்புமா மட்டும் கிண்டி வைத்தாள்.

ஆகஸ்ட் 10, சனி

வெள்ளைச் சட்டை தேய்த்தாகிவிட்டது. பீரோவிலிருந்து இடுக்கிக் காசை எடுத்து வைத்தாகிவிட்டது. தூக்கம் வரவில்லை. இந்தத் தடவை பலாப்பழம் காரணமில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மண்டபம் நிறைந்திருந்தது. திரையில் படம் காட்டினேன். எரிந்த ரூபாய்க்குச் சிரித்தார்கள், ரயில் ஏறிய காசுக்குக் கைதட்டினார்கள். பிறகு என் இடுக்கிக் காசைத் திரையில் போட்டு, இது சேதம், பிழையில்லை, இதை நிஜமென்று உங்களிடம் காட்டினேன், தப்பு என்று தெரிந்த பிறகும் ஒரு வருஷம் மறைத்தேன் என்றேன். சலசலப்பு. அடுத்து எதிர் விளிம்பைப் படம் போட்டு விளக்கினேன். சென்னியப்பன் கொண்டுவந்த காசில் இந்த அடையாளம் இருந்தது, அந்தக் காசு இப்போது அவரிடம் இல்லை, ஆனால் அது நூற்றுக்கு நூறு காசாலைப் பிழை, என் தீர்ப்பு தப்பு என்றேன்.

தனராஜ் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா நம்ம சாரோட பெரிய மனச! காசு கையில இல்ல, இனி யாராலயும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் தப்புப் பண்ணுன ஒரு மெம்பரக் காப்பாத்தறதுக்காகத் தன் தலையிலயே போட்டுக்கறாரு. அவர் சொல்லுக்காக அந்தக் கண்டக்டர மன்னிச்சுச் சேத்துக்கலாமுங்களா?"

கைதட்டல். முந்நூறு பேர். இரண்டு பேர் எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். அவர் பெயர் சேர்ந்துவிடும், என் பெயரும் இன்னும் ஒரு படி ஏறிவிடும். உட்காரத்தான் இருந்தேன். நாற்காலியைப் பின்னால் கையால் தொட்டுக்கூடப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் சுந்தரா மட்டும் கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்கைப் பிடுங்கினேன்.

"தனராஜ், தட்டாதீங்க. எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. அன்னைக்கே லென்ஸ்ல பாத்தேன். நிஜக் காசுன்னு தெரிஞ்சுதான் போலின்னு சொன்னேன். என் காச அவர் கண்டுபிடிச்சுட்டாருன்னு பொறாமை. அவர யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. அவர் ஒரு தப்பும் பண்ணலை."

இந்தத் தடவை யாரும் தட்டவில்லை. தனராஜ் பதிவேட்டை எடுத்து நீக்கிய வரியை அடித்துவிட்டுத் திரும்பவும் சென்னியப்பன் பெயரை எழுதினார், கடிதமும் எழுதி என் கையில் தந்தார், என் முகத்தைப் பார்க்காமல். என் மேசையிலிருந்த லென்ஸை நானே பையில் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டுப் பந்தியில் என் இடதும் வலதும் இலை காலியாக இருந்தது. சுந்தரா பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

திங்கள் அவருக்கு வார விடுப்பு. காலை பத்து மணிக்குப் போனேன். இருவரும் இருந்தார்கள். டிப்போ டிரைவர் மூலம் நேற்றே செய்தி வந்துவிட்டது போலிருக்கிறது. சென்னியப்பன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

துளசிமணியைப் பார்த்துத்தான் பேசினேன். போன தடவை வந்தபோது உங்களை மன்னிச்சுட்டுப் போனேன், அதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை, நடந்தது இதுதான் என்று முதலிலிருந்து சொன்னேன். அவள் நீல விரல்களை முந்தானையில் துடைத்துத் துடைத்துக் கேட்டாள்.

"அப்ப நான் தேச்சதுனால இல்லீங்களா?"

"இல்லம்மா. கோடு விழுந்தா காசோட அழகு கெடும், அவ்வளவுதான். பிழை எங்கயும் போகாது. நீங்க தேச்சப்புறமும் அது அப்படியேதான் இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பொய் சொன்னேன்."

சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க பாத்தீங்கன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க சார். லென்ஸு அந்த எடத்துல கொஞ்ச நேரம் நின்னுச்சு. நானும் பாத்துட்டுத்தான இருந்தேன்."

துளசிமணி அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தார்.

"தெரிஞ்சுமா, 'நீ தேச்சதுலதான் எம்மானம் போச்சு'ன்னு சொன்னீங்க?"

"அவ்வளவு பெரிய மனுசர் பொய் சொல்லிப்போட்டாருன்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது துளசி? சொன்னாலும் யாரு நம்புவா? டிப்போவுல அரம் அரம்னு கூப்புடறானுங்க. அங்க வாயத் தொறக்க முடியுல. வீட்டுக்கு வந்தா கோவம்..."

"கோவம் ஒரு நாளைக்கு இருக்கும். மூணு மாசமா?"

ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் பொய்யைப் பஞ்சாயத்துப் பண்ணத்தான் வந்தேன். அந்தப் பொய் இந்த வீட்டுக்குள் குடியேறி இன்னொன்றைப் பெற்றிருக்கிறது.

அவள் அழுதால் தேவலை என்று இருந்தது. அழவில்லை. எங்கள் இருவரையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தாள்.

"காச நல்லாத்தான் பாத்திருக்கறீங்க, ரெண்டு பேரும்" என்றாள்.

பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சென்னியப்பன் வாசல்வரை பின்னாலேயே போனார். கூப்பிடவும் இல்லை, திரும்பவும் இல்லை, அங்கேயே நின்றுவிட்டார்.

கடிதத்தை எடுத்து நாற்காலியின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அதில் சங்கத்தின் முத்திரையோடு சென்னியப்பன் பெயர் இருக்கிறது. துளசிமணியின் பெயரை எந்தப் பதிவேட்டில் எழுதித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை.